எஞ்சினியருக்குப் படிக்க எந்தக் கணிதம் எடுக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு வாவிக்கரையில், குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நின்றேன். வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், பாதை என்றால் எங்கள் பக்கம் வாவியைக் கடக்கும் மிதவை. மோட்டார் சைக்கிள், ஆடு, அரிசி மூட்டை, ஆள் எல்லாம் அதில் ஒன்றாகத்தான் ஏறும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, "சேர், மகன்ட ஓ.எல். ரிசல்ட் வந்திட்டு. கணிதத்துக்கு ஏ. எஞ்சினியருக்குப் படிக்கப் போறானாம். எந்தக் கணிதம் எடுக்கணும்?" என்று கேட்டார். மகன் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதை அக்கரை போய்ச் சேருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் ஒன்று இதற்கு உண்டு. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மூன்றும் வேண்டும், மூன்றும் ஒரே பரீட்சையில் வேண்டும். அதைச் சொன்னேன். அம்மாவும் தலையாட்டினார். ஆனால் மண்டூர்க் கரையில் இறங்கி நடக்கும்போதுதான், சொன்னது காற்பங்குகூட இல்லை என்று பட்டது. மீதி முக்காலையும் இங்கே எழுதுகிறேன். நான் பதினாறு வருடமாக உயர்தரத்துக்கு, அதாவது ஓ.எல். எனும் சாதாரண தரத்துக்குப் பிறகு வருகிற வகுப்புக்கு, கணிதம் படிப்பிக்கிறேன். எஞ்சினியர் ஆக முயன்று ஆகாமல் போனவன் என்பதால், எங்கெங்கே கால் இடறும் என்பது கொஞ்சம் கூடவே தெரியும்.

முதலில் படிவத்தில் உள்ள பெயர்கள். உயர்தரத்தில் கணிதம் என்ற சொல் மூன்று பாடங்களில் வரும். வெறும் 'கணிதம்' என்று ஒன்று உண்டு. அது வர்த்தகம், கலை பக்கம் போகிறவர்கள் எடுக்கக்கூடிய பாடம். 'இணைந்த கணிதம்' என்பது பௌதிக விஞ்ஞானப் பிரிவுக்கு உரியது, ஊரில் 'மெத்ஸ் படிக்கிறான்' என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது 'உயர் கணிதம்'. பெயரைப் பார்த்தால் இதுதான் பெரிய கணிதம், எஞ்சினியருக்கு இதுதான் வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. இணைந்த கணிதம், பௌதிகவியல், உயர் கணிதம் என்று எடுத்தால் பௌதிக விஞ்ஞானப் பட்டத்துக்குப் போகலாம். பொறியியல் பீடத்துக்குப் போக முடியாது, ஏனென்றால் அங்கே இரசாயனவியல் இல்லை. எங்கள் பக்கம் உயர் கணிதம் படிப்பிக்கிற பாடசாலை ஒன்றை நான் இதுவரை கண்டதும் இல்லை. அதனால் இந்தக் குழப்பத்துக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

இரசாயனவியலுக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஏன் என்று சொல்ல என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியராக வந்த புதிதில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் இருந்தேன். கணிதத்துக்கு நான் இருந்தேன், பௌதிகத்துக்கு ஒரு மிஸ் இருந்தார். இரசாயனவியலுக்கு ஆள் இல்லை. வருவார், வருவார் என்று ஒரு தவணை போனது. வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி. அவளைக் கூப்பிட்டு, "இதுக்காகக் காத்திருந்தா காலம் போயிடும் மனே, மூன்றாவதா ஐ.சி.ரி. எடு, அதுவும் மெத்ஸ்தான்" என்று சொன்னது நான்தான். ஐ.சி.ரி. என்றால் தகவல் தொழினுட்பப் பாடம். நல்ல மனதோடுதான் சொன்னேன். அவள் எடுத்தாள், நன்றாகவும் செய்தாள். இரண்டு ஏ, ஒரு பி. பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு வந்து, நானும் அவளும் அவளுடைய அப்பாவும் ஆசிரியர் அறையில் இருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். பொறியியல் என்ற பக்கத்தில் என் விரல் நின்ற இடம் இன்னும் நினைவில் இருக்கிறது. இரசாயனவியல், இணைந்த கணிதம், பௌதிகவியல். 'அல்லது' என்ற சொல் அங்கே இல்லை. அவளுடைய அப்பா ஒன்றும் பேசவில்லை. "அப்ப இது எங்களுக்கு இல்லையா சேர்?" என்று மட்டும் கேட்டார். அவள் கணினி விஞ்ஞானம் படித்து இன்று கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறாள், என்னோடு கோபமும் இல்லை. ஆனால் எந்தக் கதவு மூடும் என்று பார்க்காமல் பிள்ளைக்குப் பாடம் சொன்னவன் நான்தான்.

ஆகவே முதல் வேலை இது. பாடசாலையைத் தெரிவு செய்யும்போது கணித ஆசிரியர் யார் என்று விசாரிக்கிறதுக்கு முன்னால், இரசாயனவியலுக்கு ஆள் இருக்கிறாரா, இடமாற்றத்தில் போகப்போகிறாரா என்று கேளுங்கள். மெத்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் கணிதத்தில் ஒரு பெருமை, பௌதிகத்தில் ஒரு பயம், இரசாயனவியலில் ஒரு அலட்சியம். கம்பஸுக்கான, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான, இசட் புள்ளி மூன்று பாடத்தின் சராசரி. அலட்சியப்படுத்திய பாடம் அப்படியே மற்ற இரண்டையும் கீழே இழுக்கும்.

இந்த இசட் புள்ளி பற்றி ஒரு வார்த்தை. பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்த வருடம் அந்தப் பாடம் எழுதியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவதுதான் இது. உதாரணத்துக்கு ஒரு பாடத்தில் சராசரி 35, நியம விலகல் 20 என்று வைப்போம். 65 எடுத்தவனுக்கு 1.5. வேறொரு பாடத்தில் சராசரி 55, விலகல் 20 என்றால், 75 எடுத்தவனுக்கு 1 மட்டும்தான். கடினமான பாடத்தில் 65, இலேசான பாடத்தின் 75ஐ வெல்லும். 'கஷ்டமான பாடம் எடுத்தா புள்ளி குறையும்' என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த இரண்டு வரிக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்தது தொழினுட்பப் பிரிவு. இன்றைக்குப் பெற்றோர் அதிகம் குழம்புவது இதில்தான். 2013இல் இந்தப் பிரிவு பாடசாலைகளுக்கு வந்தது. பொறியியல் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், அப்புறம் மூன்றாவதாக ஒரு பாடம். 'பொறியியல்' என்று பெயரிலேயே இருப்பதால், இது எஞ்சினியருக்குப் போகிற சுருக்கு வழி என்று நினைத்துப் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள். இதிலிருந்து பல்கலைக்கழகம் போனால் கிடைப்பது பொறியியல் தொழினுட்பவியல் பட்டம். நல்ல பட்டம்தான். கையில் வேலை ஓடுகிற பிள்ளைகள் அங்கே மிளிர்வதைப் பார்த்திருக்கிறேன். இணைந்த கணிதத்தில் இரண்டு வருடம் இருந்து ஆகக் குறைந்த சித்தியான எஸ் எடுக்கப்போகிற பிள்ளைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது வேறு வீதி. பொறியியல் பீடத்தின் நான்கு வருடப் பட்டத்துக்கு அந்த வீதி போகாது. 'முதல் டெக் எடுக்கட்டும், பிறகு பார்ப்பம்' என்று சொல்ல வேண்டாம், பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

சரி, இப்போது இணைந்த கணிதத்துக்குள் போவோம்.

நான் உயர்தரம் எழுதியது 2000இல். அதற்கு முன்னால் நான்கு பாடம், தூய கணிதம் ஒரு பாடம், பிரயோக கணிதம் ஒரு பாடம். எங்கள் தொகுதிக்கு அது மூன்று பாடமாகி, இரண்டு கணிதமும் ஒன்றாகக் கட்டப்பட்டு 'இணைந்த கணிதம்' என்று வந்தது. எனக்கு அண்ணன்மார் தந்த கொப்பிகள் எல்லாம் பழைய முறை. எது பாடத்திட்டத்தில் இருக்கிறது, எது இல்லை என்று தெரியாமல் தேவையில்லாததையும் படித்தேன், தேவையானதை விட்டேன். இப்போதும் அதே பிழையைப் பிள்ளைகள் செய்கிறார்கள். மாமா மகன் தந்த பழைய ரியூசன் குறிப்புகளை வைத்துப் படிக்கத் தொடங்குகிறார்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அதை எடுத்து முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வினாத்தாள் இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். முதலாவதில் தூய கணிதம்: அட்சரகணிதம், திரிகோணகணிதம், வகையீடு, தொகையீடு, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம். இரண்டாவதில் நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். ஒவ்வொரு தாளிலும் பகுதி ஏயில் பத்துச் சிறு வினா, எல்லாம் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி பீயில் ஏழு பெரிய வினா, ஐந்து செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. மொத்தம் 1000. பகுதி ஏ கட்டாயம் என்பதால், 'எனக்கு நிலையியல் வேண்டாம், மற்றதை வைச்சுத் தள்ளுவன்' என்ற கணக்கு இங்கே சரிவராது.

இப்போது ஓ.எல். கணிதத்தில் ஏ எடுத்த அந்த மகனுக்கு வருகிறேன். ஏ எடுத்தவன் இணைந்த கணிதம் செய்வான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஓ.எல். வினாத்தாளில் தொடை, வட்டி, வரைபு, அமைப்பு, புள்ளிவிபரம் என்று பல இடத்தில் புள்ளி சேர்த்து ஏ வரை போய்விடலாம். அட்சரகணிதம் நொண்டினாலும் தெரியாது. உயர்தரத்தில் மற்ற எல்லாம் அந்த அட்சரகணிதத்தின் முதுகில்தான் ஏறி நிற்கும்.

அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் பாடம் எடுப்பதில்லை. அரைத்தாள் ஒன்றில் எட்டுக் கணக்கு கொடுப்பேன். எல்லாம் பத்தாம் பதினொராம் தரத்துக்குள் உள்ளவைதான். அதில் ஒன்று: எக்ஸ்² = 5எக்ஸ். தீர்க்க. பாதிப்பேர் இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வெட்டி, எக்ஸ் = 5 என்று எழுதி, அரை நிமிடத்தில் பேனையை மூடுவார்கள். பூச்சியம் எங்கே போனது? எக்ஸால் வகுத்தபோது அது பூச்சியமாக இருக்கலாம் என்று யோசிக்கவில்லை, ஒரு தீர்வை வாவியில் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் எக்ஸ்(எக்ஸ் − 5) = 0, இரண்டு தீர்வும் நிற்கும். இன்னொன்று: √(எக்ஸ்² + 9) என்பதைச் சுருக்கலாமா? எக்ஸ் + 3 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓ.எல்.லில் ஏ எடுத்தவர்களும் உட்பட. நான் பிழை என்று சொல்ல மாட்டேன். "எக்ஸுக்கு 4 போட்டுப் பார்" என்பேன். இடப்பக்கம் √25, அதாவது 5. வலப்பக்கம் 7. முகம் சுருங்கும். அந்தச் சுருங்கலுக்குப் பிறகு சிலர் தாங்களாகவே இன்னொரு எண் போட்டுப் பார்ப்பார்கள். அப்படிப் போட்டுப் பார்க்கிற பிள்ளையைத்தான் நான் தேடுகிறேன். எட்டும் சரியாகச் செய்தானா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை.

மூன்றாவது கணக்கு, எக்ஸ்² − 6எக்ஸ் + 11 இன் மிகக் குறைந்த பெறுமானம் என்ன? வர்க்கப் பூர்த்தி செய்தால் (எக்ஸ் − 3)² + 2. வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகவே விடை 2. ஓ.எல். சமாசாரம். ஆனால் இதே கை வேலைதான் பிறகு இருபடிச் சார்பிலும், வட்டத்தின் சமன்பாட்டிலும், தொகையீட்டிலும் திரும்பத் திரும்ப வரும். இது ஓடாத பிள்ளைக்கு அங்கே ஒவ்வொரு கணக்கும் இரண்டு கணக்காகத் தெரியும்.

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஓ.எல். எழுதி முடித்துப் பெறுபேறு வரும் வரைக்கும் சில மாதங்கள் கிடைக்கும். ஆட்கள் அதைக் கிரிக்கெட்டிலும் போனிலும் கழிக்கிறார்கள், கழிக்கட்டும், பதினாறு வயதில் அதுவும் வேண்டும். ஆனால் காலையில் ஒரு மணித்தியாலம் காரணிப்படுத்தல், அட்சரகணிதப் பின்னம், சுட்டி, மடக்கை, சமனிலி, திரிகோண விகிதம் இந்த ஆறையும் கல்குலேட்டர் இல்லாமல் செய்து பாருங்கள். இரண்டு மாதம் செய்தும் வெறுப்பு மட்டுமே வந்தால், அது முக்கியமான செய்தி. மெத்ஸில் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிவது நல்லது. பிழை வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் ஏன் பிழை என்று கேட்கத் தோன்றுகிறது என்றால் தைரியமாக எடுங்கள். ஓ.எல்.லில் பி எடுத்து, இப்படிக் கேட்டுக் கேட்டே பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள்.

பத்தாம் தரத்தில் உள்ள தம்பி தங்கச்சிமார் கேட்பது ஒன்று உண்டு. விருப்பப் பாடமாக ஐ.சி.ரி. எடுப்பதா, விவசாயம் எடுப்பதா, எது எஞ்சினியருக்கு உதவும் என்று. எதுவும் கதவைத் திறக்காது, எதுவும் மூடாது. பிடித்ததை எடுங்கள்.

அடுத்தது பிரயோக கணிதம். இதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. பல ரியூசன் வகுப்புகளில் தூய கணிதத்தை ஒன்றரை வருடம் இழுத்து, பிரயோகத்தைக் கடைசி ஆறு மாதத்தில் திணிக்கிறார்கள். பிள்ளைக்குச் சூத்திரம் இருக்கும், படம் கீறத் தெரியாது. எஞ்சினியர் ஆக நினைக்கிற பிள்ளைக்கு உண்மையில் தேவை அந்தப் படம்தான். விசைகளைக் குறிக்கிற படம், வேக முக்கோணி. கம்பஸில் முதல் வருடத்திலேயே பாலத்தையும் உத்தரத்தையும் முன்னால் வைத்து அதைத்தான் கேட்பார்கள். அதனால் பாடசாலையோ வகுப்போ தெரியும்போது, "பிரயோகம் எப்ப தொடங்குவீங்க சேர்?" என்று கேளுங்கள். முதல் தவணையிலேயே இரண்டும் சமாந்தரமாக ஓடுகிற இடம் நல்ல இடம்.

பிரயோகம் என்றால் என்ன என்று கேட்கிற பெற்றோருக்கு நான் வாவியைக் காட்டுவேன். மாரியில் வெள்ளம் ஏறி முகத்துவாரம் வெட்டிவிட்ட நாட்களில் அங்கே தண்ணீர் கடலுக்கு இழுக்கும். அந்த இடத்தில் அகலம் 200 மீற்றர் என்று வைப்போம். எஞ்சின் தோணி அசையாத நீரில் செக்கனுக்கு 5 மீற்றர் போகும், இழுவை செக்கனுக்கு 3 மீற்றர். தோணிக்காரர் நேர் எதிர்க்கரையைப் பார்த்து மூக்கை வைத்தால் 200ஐ 5ஆல் வகுக்க 40 செக்கனில் கரை சேருவார். ஆனால் அதற்குள் நீரோட்டம் அவரை 40 பெருக்கல் 3, 120 மீற்றர் கடல் பக்கம் கொண்டுபோயிருக்கும். நேர் எதிரே உள்ள தென்னையடியில் இறங்க வேண்டுமானால் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகச் சரிக்க வேண்டும். வேக முக்கோணி கீறினால் 3, 4, 5. கரைக்குக் கரை கிடைக்கிற வேகம் 4, எடுக்கிற நேரம் 50 செக்கன். மிகக் குறைந்த நேரமா, நேர் பாதையா என்பது இரண்டு வேறு கேள்வி. தோணிக்காரருக்கு இது கையில் தெரியும். பிள்ளைக்கு இது தாளில் தெரிய வேண்டும். சார்பு வேகம் என்ற அலகில் வருவது இதுதான், தோணிக்குப் பதில் கப்பல், விமானம், மழை என்று மாற்றி மாற்றிக் கேட்பார்கள். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப இழுவை 5ஐ விடக் கூடினா?" என்று கேட்கிற பிள்ளையை மெத்ஸில் போடுங்கள் என்று பெற்றோரிடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எப்படிச் சரித்தாலும் நேர் எதிரே போய்ச் சேர முடியாது என்பதை அவன் பாதி கண்டுபிடித்துவிட்டான்.

இனி எங்கே படிக்கிறது. இது எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல். பல்கலைக்கழக அனுமதியில் திறமை அடிப்படையில் ஒரு பங்கு, மாவட்டக் கோட்டாவில் பெரும்பங்கு, கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒரு சிறு பங்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16க்குள் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் எது என்பது வீட்டு முகவரியை மட்டும் வைத்து முடிவாவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் உள்ள பாடசாலையில் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள். கல்லாற்றுப் பிள்ளை ஒன்று வீட்டிலிருந்து சைக்கிளில் கல்முனைக்குப் போய்ப் படிக்கிறது என்றால், பெரியநீலாவணை தொடங்கினதும் அது அம்பாறை மாவட்டம். சைக்கிளில் சிறு தூரம், படிவத்தில் வேறு வெட்டுப்புள்ளி. கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புகிறவர்களும் இதை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு மாவட்டத்திலும் எது நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும், அதைத் துரத்திக்கொண்டு போய்ப் பாடசாலை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் உள்ள இடத்தைப் பாருங்கள்.

படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம் என்று தெரியும். நான் மண்டூரிலிருந்து தினமும் பாதை ஏறி வந்து படித்தவன். கடைசிப் பாதையைத் தவறவிட்டால் குருமண்வெளிப் பக்கத்தில்தான் இரவு. களுவாஞ்சிகுடியில் ஒரு பெரியம்மா வீடு இருந்தது, அதனால் தப்பினேன். இன்றைக்கு இந்த நிலையில் உள்ள வீடுகளுக்கு நான் சொல்வது: பிள்ளையை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உறவினர் வீட்டில் விடுவதாக இருந்தால், அந்த வீட்டில் இரவு பத்து மணிக்குப் பிறகு லைட் போட்டுப் படிக்க ஒரு மேசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள். பெண்பிள்ளையானால் இந்தப் பேச்சு இதோடு நிற்பதில்லை. 'சைட்டில நிண்டு வேலை செய்யப்போறாளா, பயோ எடுக்கட்டும்' என்று ஆரம்பிப்பார்கள். கணிதம் ஓடுகிற பிள்ளையை உயிரியலில் போட்டு, அவள் இரண்டு வருடமாகத் தாவர வரைபடத்துக்குக் கீழே குட்டிக் குட்டிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரியூசன் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்பு போதும். ஒரே அலகை மூன்று சேரிடம் கேட்பதால் மூன்று மடங்கு விளங்காது. அந்த நேரத்தில் கடந்தகால வினாத்தாளை மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்யலாம். விடையை முதலில் பார்க்காமல்.

கம்பஸ் எங்கே என்று கேட்டால், மானியங்கள் ஆணைக்குழு ஊடாக ஆள் எடுக்கிற அரச பல்கலைக்கழகங்களில் பொறியியல் பீடம் உள்ளவை பேராதனை, மொரட்டுவை, றுகுணு, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்த்தனபுர, அப்புறம் எங்கள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணத்தின் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சியில். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இல்லை, அங்கே விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவன்தான் நான். எந்தப் பீடத்துக்குப் போனாலும் படிப்பு ஆங்கிலத்தில். 'தொகையீடு' என்று இரண்டு வருடம் தமிழில் செய்துவிட்டு, முதல் விரிவுரையில் 'இன்டகிரேசன்' என்றதும் இது வேறு ஏதோ என்று நினைத்துத் திகைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கணிதம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. அதனால் கொப்பியில் ஒவ்வொரு அலகின் தலைப்புக்குப் பக்கத்திலும் அதன் ஆங்கிலப் பெயரையும் எழுதப் பழகுங்கள். நிலையியல் பக்கத்தில் ஸ்டற்றிக்ஸ், உந்தம் பக்கத்தில் மொமென்ரம். இரண்டு வருடத்தில் நூறு சொல் தானாக வந்துவிடும்.

முதல் தடவை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவைப்பது நல்லது. பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை வரை எழுதலாம். ஆனால் இந்த வருடம் கணிதம், அடுத்த வருடம் பௌதிகம் என்று பிரித்துச் சேர்க்க முடியாது, மூன்றும் ஒரே தடவையில். கூடவே, உயர்தரத்தோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையிலும் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இதை மறந்துவிட்டு 28 எடுத்தவனை நான் கண்டிருக்கிறேன். நான் மூன்று தடவையும் எழுதினேன். மூன்றாவது தடவை பொறியியல் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றேன். காரணம் இரசாயனவியல். கணிதத்தில் எனக்கு இருந்த திமிருக்கு அது சரியான அளவு.

மற்ற வழிகளும் உண்டு. மொரட்டுவையின் தொழில்நுட்ப நிறுவகத்தில் தேசிய டிப்ளோமா இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம் படிக்கலாம், அவர்களுக்கு மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது. தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. தனியாரில் காசு கட்டுவதற்கு முன்னால், அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இந்த வழிகளிலும் முதலில் கேட்கப்படுவது இணைந்த கணிதமும் பௌதிகவியலும்தான்.

அந்த ஞாயிறு, பாதை மண்டூர்த் துறையில் முட்டி நின்றது. அம்மா நன்றி சொல்லிவிட்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மகன் கடைசியாக இறங்கினான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதுவரை வாய் திறக்காதவன், "சேர், நான் சேரப் போற ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கு ஆள் இரிக்கா?" என்று கேட்டான். இருக்கிறார், போன வருடம்தான் வந்தார், இன்னும் மூன்று வருடம் நிற்பார் என்றேன். தலையாட்டிவிட்டு அம்மாவின் பின்னால் நடந்தான்.